சிங்கப்பூர்ப் பெட்டியும் என் தாளமும்

என் கண்ணாடி வளையல்களின் மேல் கதிரேசன் ஈரத் துண்டைச் சுற்றிக் கட்டினான். இரண்டு கைகளிலும். வளையல் சத்தம் டேப்பில் ஏறிவிடுமாம். கழற்றச் சொல்லத்தான் வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை விழுங்கிவிட்டுத் துண்டை எடுத்து வந்தான். இரண்டு கையும் முறிந்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி நான் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மின்விசிறியை நிறுத்தியாகிவிட்டது. அதுவும் டேப்பில் ஏறுமாம். ஐப்பசி மாதம், மழைக்கு முந்திய புழுக்கம். கதவிடுக்கில் கோணிச் சாக்கு. சுவர் முழுக்க முட்டை அட்டை. முதுகில் வியர்வை வழிய, தலையில் கனமான ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முருகனைக் கூப்பிடக் காத்திருந்தேன்.

இதுவரை இந்தத் தொடரில் மேடைகளைப் பற்றியே எழுதி வந்தேன். கல்யாணப் பந்தல், கோயில் திடல், மழையில் நனைந்த ஆர்மோனியம் என்று. இந்த வாரம் மேடை இல்லை. ஒரு சின்ன அறை. என் பாட்டு வாழ்க்கை கிட்டத்தட்ட முடிந்துபோன அறை.

வெங்காய அறை

கதிரேசனை ஊரே மாப்ள என்றுதான் கூப்பிடும். யாருக்கு மாப்பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. மதுரை டவுனுக்குள், பாத்திரக் கடைகள் இருக்கும் சந்தில், ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். பிறகு மைக் செட் வாடகைக்கு விட்டான். எண்பதுகளின் பின்பாதியில், தெருவுக்கு ஒரு கேசட் கடை வந்த காலத்தில், மாடி அறையை ஸ்டுடியோ ஆக்கினான்.

அந்த அறையில் முன்பு வெங்காயம் போட்டு வைத்திருந்தார்கள். வெங்காய வாசத்தோடு முட்டை அட்டை வாசமும் சேர்ந்துகொண்டது. பக்திப் பாட்டுப் பாட உட்கார்ந்தவளுக்கு ஆம்லெட் ஞாபகம் வந்தால் அது என் குற்றமா?

வேலை நடக்கும் முறை இதுதான். முதலில் வாத்தியங்களை மட்டும் ஒரு டேப்பில் பதிவு செய்துவிடுவார்கள். பிறகு அந்த டேப்பை ஓட விடுவார்கள். பாடுகிறவர் அதையும் தன் குரலையும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாட வேண்டும். இரண்டும் சேர்ந்து இன்னொரு டேப்பில் பதிவாகும். கீழே பாத்திரக்காரர் ஒடுக்கு எடுக்கச் சுத்தியலைத் தூக்கினால் எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

நாங்கள் பதிவு செய்துகொண்டிருந்தது தைப்பூசத்தை ஒட்டி, தெப்பத் திருவிழாவுக்கென்று ஒரு முருகன் பாட்டுக் கேசட். தை மாதம் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் திருவிழா நடக்கும்போது வெளியிட வேண்டும். பாட்டுக்கு இசை அமைத்தவர் எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்திய சுந்தரம் மாஸ்டர். பாவாடை தாவணி காலத்திலிருந்து நான் அவர் குழுவில்தான் பாடிக்கொண்டிருந்தேன். மாஸ்டருக்கு இந்த உலகத்தில் நம்பிக்கை உள்ள ஒரே விஷயம் தாளம். அவர் வீட்டுக் கல்யாணத்தில் புரோகிதர் மந்திரத்தைக்கூடத் தன் தொடையில் தட்டித்தான் கேட்டார் என்று குழுவில் சொல்லிச் சிரிப்போம்.

பெட்டி வந்த கதை

அந்தச் சமயம் பார்த்துக் கதிரேசனின் அக்கா புருஷன் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். தட்டையான கறுப்புப் பெட்டி. முன்பக்கம் சிவப்பாக எண்கள் எரியும். கதிரேசன் அதைத் தொடுவதற்கு முன்னால் கையைக் கழுவினான். அதற்குப் பூ வைத்திருந்ததை நானே பார்த்தேன்.

"டிஜிட்டல் அக்கா. மதுரையிலேயே நம்மகிட்டத்தான் இருக்கு" என்றான்.

அது என்ன செய்யும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். உள்ளே வரும் சத்தத்தை எண்களாக மாற்றும். அந்த எண்களைக் கொஞ்ச நேரம் தன்னிடம் வைத்துக்கொள்ளும். பிறகு மறுபடி சத்தமாக்கி வெளியே விடும். அரசாங்க ஆபீசில் மனு கொடுத்தது மாதிரி. மனு போய்ச் சேரும், ஆனால் நடுவில் ஒரு மேசையில் உட்கார்ந்து எழுந்துதான் போகும். எத்தனை நேரம் உட்கார வேண்டும் என்பதைத்தான் அந்தச் சிவப்பு எண் சொல்லும். எண் கூடினால் தாமதம் கூடும்.

கதிரேசனுக்கு அது தெரியாது. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுவது போல, எண் கூடினால் தரம் கூடும் என்று நினைத்துவிட்டான்.

அது போதாதென்று, சிங்கப்பூரில் பாடகர்களுக்குக் காதில் எதிரொலி கொடுப்பார்களாம், பெரிய மண்டபத்தில் பாடுவது போல இருக்குமாம் என்று மச்சான் சொன்னதை நம்பி, பெட்டியைக் கொண்டுபோய் என் ஹெட்போனுக்கு வரும் வயரில் மாட்டினான். அதிலும் இன்னொரு குமிழைத் தப்பாகத் திருப்பி வைத்ததால், அசல் சத்தம் என் காதுக்கு வரவே இல்லை. தாமதமான சத்தம் மட்டும் வந்தது.

ஆக, நடுவில் கண்ணாடி வைத்த பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாஸ்டரும் கதிரேசனும் ஸ்பீக்கரில் தபலாவை உடனுக்குடன் கேட்டார்கள். நான் ஹெட்போனில் அதே தபலாவைப் பிந்திக் கேட்டேன். கேட்டதற்குச் சரியாகப் பாடினேன். அவர்களுக்கு நான் பிந்திப் பாடுவதாகக் கேட்டது.

நான் சொல்லாமல் இல்லை. நான் "முருகா" என்று முடித்த பிறகு காதுக்குள் இன்னொருத்தி "முருகா" என்று ஆரம்பித்தாள். துண்டு கட்டிய கையைத் தூக்கிக் காட்டி, "யாரோ பின்னாடியே பாடுறாங்க தம்பி" என்றேன்.

"அது எஃபெக்ட் அக்கா. போகப் போகப் பழகிரும்" என்றான்.

நான் தடுமாறுவதைப் பார்த்து அவனுக்கு இரக்கம் வந்துவிட்டது. எனக்கு உதவி செய்வதாக நினைத்து எண்ணைக் கூட்டினான். நான் இன்னும் பிந்தினேன். இன்னும் கூட்டினான். இரக்கப்பட்டு ஒருவரைக் கெடுப்பதில் அவனை அடிக்க ஆள் கிடையாது.

சாயங்காலம் மாஸ்டர் தடுப்பைச் சுற்றி உள்ளே வந்தார். பதிவானதைப் போட்டுக் காட்டினார். வெட்கமாக இருந்தது. தபலா ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

"ஒனக்குத் தாளம் நிக்கல வசந்தா" என்றார்.

குரலை உயர்த்தவில்லை. டாக்டர் வியாதியின் பெயரைச் சொல்வது போலச் சொன்னார். தை மாதக் கல்யாண சீசனில் கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஓய்வு என்றால் என்ன என்று மேடை ஏறியவர்களுக்குத் தெரியும். அவர் குழுவில் ஓய்வு எடுக்கப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. தாளம் நிற்காதவள் என்று பெயர் எடுத்தவளை வேறு குழுவும் கூப்பிடாது.

சாம்பார்த் தாளம்

திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீடு. நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் சேதி வந்துவிட்டது. எங்கள் தெருவில்தான் குழுவின் தபலாக்காரர் குடியிருந்தார். அவர் மனைவி வாசலில் நின்று, "ஒடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே சேதி முழுவதும் இருந்தது.

எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் கொடுமை. மற்றவர்கள் சொன்னதைத் தாங்கிக்கொண்டேன். நானே என்னை நம்பாமல் போனதைத் தாங்க முடியவில்லை. சட்னி அரைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் தாளம் எண்ணிக்கொண்டிருந்தேன். கரண்டியால் பாத்திர விளிம்பில் தட்டிக்கொண்டே குழம்பு கொதிக்க வைத்தேன். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரருக்கு இசை என்றால் எட்டு மணிக்கு மேல் கேட்கக் கூடாத ஒரு சத்தம். அவர்கூட ஒரு நாள், "சாம்பார் தாளத்தோடதான் இருக்கு. சாப்பிட வா" என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான். அன்று அழுதுவிட்டேன்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். சத்தம் பிந்தி வரும் என்பது மதுரைக்காரர்களுக்குப் புதிதல்ல. தெப்பக்குளத்தின் நாலு கரையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். நீங்கள் ஒரு கரையில் நின்றால் பக்கத்து ஸ்பீக்கரில் ஒரு வரி கேட்கும். அது முடியும் முன் எதிர்க்கரையிலிருந்து அதே வரி தண்ணீர் மேல் மிதந்து வரும். மைய மண்டபத்தில் மோதிக்கொண்டு மூன்றாவதாக ஒன்று வரும். சின்ன வயதில் நாங்கள் எந்த ஸ்பீக்கரோடு சேர்ந்து பாடுவது என்று சண்டை போடுவோம். அத்தனை வருடங்களில் அங்கே நின்ற ஒருவர்கூடப் பாடகருக்குத் தாளம் இல்லை என்று சொன்னதில்லை.

ஆனால் பெட்டிக்குள் இருந்து வந்தால் கதை வேறு. பெட்டி சிங்கப்பூர். நான் திருப்பரங்குன்றம்.

எனக்குப் பதிலாக மாஸ்டர் தன் அண்ணன் மகள் மல்லிகாவைக் கூட்டி வந்தார். நல்ல குரல், பயந்த சுபாவம். அவள் கையிலும் துண்டு கட்டினார்கள். அவளும் பிந்தினாள். பிந்தாமல் என்ன செய்வாள்? அப்போதாவது யாராவது பெட்டியைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். ஆனால் மாஸ்டருக்கு அதைவிட எளிதான ஒரு விளக்கம் தோன்றிவிட்டது.

"பொம்பளப் புள்ளைகளுக்கு ஹெட்போன் மாட்டுனா தாளம் நிக்காது போல" என்றாராம்.

ஒருத்தி தவறினால் அவள் தவறு. இரண்டு பேர் தவறினால் பெண் குலத்தின் தவறு. பூ வைத்த பெட்டி மட்டும் பத்தரைமாற்றுத் தங்கம். மல்லிகா அதன் பிறகு அந்த மாடிப்படி ஏறவில்லை. பாட்டையே விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

புரவலர் பேசுவார்

அந்தக் காலத்து பக்திக் கேசட்டுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. செலவு செய்த புரவலர் முதலில் பேசுவார். சாமி பிறகுதான் வருவார். பின்னால் வீணை இழைய, "பக்தகோடிகளே" என்று ஒரு கம்பீரக் குரல் வரும். பாதிப் பேர் அந்த இடத்தில் கேசட்டை ஓட்டிவிட்டுப் பாட்டுக்குப் போவார்கள் என்பது புரவலருக்கு மட்டும் தெரியாது.

எங்கள் புரவலர் திருவாதவூர்ப் பக்கத்து அரிசி மில் முதலாளி பெரியகருப்பன். நாவன்மை உள்ளவர் என்று பெயர். காதுகுத்து, கடைத் திறப்பு, கபடிப் போட்டி எதுவானாலும் பேசுவார். பந்தி ஆறும் வரை பேசுவார். அவருக்கு எதிரே உட்கார்ந்து கொட்டாவி விட்டவர்களுக்கு அவர் மில்லில் வேலை கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

அவர் பேசிப் பதிவு செய்ய வந்த நாளில் நானும் இருந்தேன். கோரஸ் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். கோரஸுக்கு ஹெட்போன் கிடையாது. பின்னால் நின்று கூட்டத்தோடு கூட்டமாக அரோகரா சொன்னால் போதும். கதாநாயகியாக இருந்தவள் கூட்டத்தில் நிற்கப் போனேன். போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள் என்று போனேன்.

புரவலருக்கு மாலை போட்டார்கள். சோடா கொடுத்தார்கள். மாஸ்டரே தன் கையால் ஹெட்போனை மாட்டிவிட்டார். கதிரேசன் பெட்டியிடம் போனான்.

"அண்ணனுக்கு ஃபுல்லா வச்சிரு மாப்ள" என்றார் மாஸ்டர்.

அதுதான் மரியாதை. பந்தியில் பெரிய மனிதர் இலையில் எல்லாப் பதார்த்தமும் இரண்டு கரண்டி விழும் அல்லவா? எண் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் கூட்டி வைத்தான். எங்களுக்கெல்லாம் அந்த யோகம் கிடைத்ததில்லை.

புரவலர் தொண்டையைக் கனைத்தார். கொஞ்சம் பொறுத்து, அவர் காதுக்குள் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அவர் புருவம் நெளிந்தது. "பக்தகோடிகளே" என்று ஆரம்பித்தார். பாதியில் நின்றார். மறுபடி ஆரம்பித்தார். "பக்த... பக்தகோஓஓடி..." என்று வார்த்தை நீண்டது. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அது காதில் வந்து சேரும் வரை அடுத்த சொல்லை விட முடியாமல் வாய் திறந்தபடி நின்றார். மதுரை ஜில்லாவையே பேசிக் களைக்க வைத்தவர், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் எழுந்து நின்ற பிள்ளை மாதிரி திக்கினார். நெற்றியில் விபூதி கரைந்தது.

கடைசியில் தடுப்பைப் பார்த்துத் திரும்பினார். "எவன்டா அவன், என்னைய மாதிரியே பேசுறது?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

அந்த நொடியில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். ஐப்பசி முழுக்க ஒருவர் கண்ணுக்கும் தெரியாத கோளாறு, எல்லார் கண்ணுக்கும் ஒரே சமயத்தில் தெரிந்துவிட்டது. கதிரேசன் பெட்டியின் வயரைப் பிடுங்கினான். "மெசின் கோளாறுண்ணே" என்றான். ஐயா குரலின் கம்பீரத்தை மெசின் தாங்கவில்லை என்றார் மாஸ்டர். தாளத்தைத் தவிர எதையும் நம்பாத மனிதருக்கு மெசின் மேல் அம்புட்டு சீக்கிரம் சந்தேகம் வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு நின்றுபோய்க் கோபம் வந்தது. கோரஸ் பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"நான் பாடுனப்பவும் இதே பெட்டிதான தம்பி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

கதிரேசன் வயரைச் சுருட்டத் தொடங்கினான். மாஸ்டர் ஆர்மோனியத்தின் மேல் தூசி தட்டினார். பதில் சொன்னவர் புரவலர்தான்.

"அந்தப் புள்ளையப் பாடச் சொல்லுங்கப்பா" என்றார்.

என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னதாக நினைக்க வேண்டாம். பெட்டி இல்லாமல் நான் ஒழுங்காகப் பாடிவிட்டால், கோளாறு பெட்டியில்தான், தன் நாக்கில் இல்லை என்று நிரூபணம் ஆகிவிடும். அவர் மானத்துக்குச் சாட்சியாக என்னைக் கூப்பிட்டார். எதற்காக என்றாலும் மைக் மைக்தான். உட்கார்ந்தேன். துண்டு கட்ட வந்த கதிரேசனைத் தடுத்து, நானே வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிக்கொண்டேன். ஹெட்போனில் தபலா வந்தது. என் குரல் என்னோடேயே வந்தது. காதுக்குள் இருந்த அந்த இன்னொருத்தி போய்விட்டாள். ஒரே மூச்சில் பாடி முடித்தேன். எங்கே எடுக்க வேண்டுமோ அங்கே எடுத்தேன், எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தேன்.

பாடும்போதே கண் கலங்கியது. பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

முடிந்ததும் மாஸ்டர் வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"வீட்ல நல்லா சாதகம் பண்ணிட்டு வந்திருக்கே போல" என்றார்.

தெப்பக்குளக் கரையில்

கேசட் வெளியீடு தெப்பத் திருவிழாவில். கரையோரம் மேடை போட்டிருந்தார்கள். சுற்றிலும் கரும்பும் பொரியும், வளையல் கடையும். தண்ணீரில் விளக்குகள். எங்கள் குழுவின் கச்சேரி அதே மேடையில். ஓய்வு ரத்தாகிவிட்டது, நான்தான் பாட வேண்டும் என்று மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். சீசன் என் கையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு பாடிவிட்டு வந்தால் போதும்.

முதலில் புரவலர் பேசினார். திக்கலே இல்லாமல் பேசினார். கடைசியில் என்னைக் கை காட்டினார்.

"இந்தத் தாயிக்கு ரெக்கார்டிங்ல தாளமே நிக்கல. எல்லாரும் கைவிட்டுட்டாக. நான் போயி மைக்குல எப்படிப் பேசணும்னு ஒரு தடவ பேசிக் காமிச்சேன். அதப் பாத்துத்தான் கத்துக்கிருச்சு" என்றார்.

கூட்டம் கை தட்டியது. மாஸ்டரும் தட்டினார். கதிரேசன் மைக் செட் பக்கத்தில் குனிந்து எதையோ தேடினான்.

நான் மைக் முன்னால் வந்தேன். தபலாக்காரர் ஆரம்பிக்கக் கையைத் தூக்கினார். பொறுக்கச் சொன்னேன். மல்லிகாவின் முகம் ஞாபகம் வந்தது.

"எனக்குத் தாளம் எப்பவும் நின்னுச்சு. மாஸ்டர் அண்ணன் மக மல்லிகாவுக்கும் நின்னுச்சு" என்றேன். "மாப்ள மாட்டுன பெட்டிதான் பிந்துச்சு. அதே பெட்டியில பேசி ஐயாவும் திக்குனாரு. அவரு திக்குனதும் பெட்டியக் கழட்டுனாங்க. அம்புட்டுத்தான் நடந்துச்சு."

நாலு கரை ஸ்பீக்கரும் அதைச் சொல்லின. முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு கரை நெடுகச் சிரிப்பு போனது. புரவலர் மேல் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். நான் தபலாக்காரரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பாடினேன். அன்றைக்குப் பாடியது போல நான் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை.

அந்தக் குழுவில் அதுதான் என் கடைசி மேடை. சீசனுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. என்ன காரணம் என்று விசாரித்தவர்களிடம் மாஸ்டர் சொன்ன பதில் தபலாக்காரர் மனைவி மூலம் எனக்கு வந்து சேர்ந்தது.

"தாளமெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. வாய்தான் கொஞ்சம் முந்துது."

அவர் என் மேல் எழுதிய தீர்ப்புகளில் இதை மட்டும் நான் மறுத்ததில்லை.